கடல்நீர் மீன்தொட்டி மணலின் மறுபயன்பாடு

கடல்நீர் மீன்தொட்டி மணலின் மறுபயன்பாடு என்பது, உவர்நீர் மீன்தொட்டி ஒன்றின் அடியில் நெடுநாள் கிடந்த மணலைத் தூய்மை செய்து, அதே தொட்டியிலோ வேறொரு தொட்டியிலோ மீண்டும் இடும் நடைமுறை ஆகும். தொட்டியை இடம் மாற்றும்போதும், பெரிய தொட்டிக்கு மாறும்போதும், நோய் அல்லது பாசிப் பெருக்கத்தால் தொட்டியைக் கலைக்கும்போதும் இதற்கான தேவை எழுகிறது.

பழைய மணல் வெறும் அழுக்கு மணல் அன்று. அதில் நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிரிகள், நச்சு வளிமங்கள், படிந்த பாசுபேட்டு, சில வேளைகளில் செம்பு போன்ற மாழைகள் ஆகியவை ஒருங்கே இருக்கலாம். எனவே எல்லாப் பழைய மணலுக்கும் ஒரே முறை பொருந்தாது. மணலின் கடந்தகாலத்தை அறிந்து முறையைத் தேர்வது மீன்களின் உயிரைக் காப்பதற்கு முதன்மையானதாகும்.

வரலாறு

பொதுமக்கள் பார்வைக்கான முதல் மீன் காட்சிச்சாலை 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. சென்னை மெரீனா கடற்கரையில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் அமைந்த கடல்மீன் காட்சிச்சாலை 1909 இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடலோரக் காட்சிச்சாலைகளுக்குப் புதிய கடல்நீர் கைக்கெட்டும் தொலைவில் கிடைப்பதால் நீரை அடிக்கடி மாற்ற இயலும். கடலுக்குத் தொலைவில் உள்ள தொட்டிகளில் ஒரே நீர் நெடுநாள் சுழல்கிறது. அங்கே நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பணியின் பெரும்பகுதி மணலிலும் பாறைகளிலும் வாழும் நுண்ணுயிரிகளைச் சார்ந்தது. 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மொனாக்கோவைச் சேர்ந்த சான் சோபேர் மணற்படுகையையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறை ஒன்றைப் பரப்பினார். ஆழ்ந்த மணற்படுகை முறைகள் அதன் பின்னர் வீட்டுத் தொட்டிகளிலும் பரவின.

மணலின் வகைகள்

கடல்நீர்த் தொட்டிகளில் இடப்படும் மணல் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது.

* சுண்ணாம்பு மணல்: கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இதன் இரு படிக வடிவங்கள் அரகோனைட்டு, கால்சைட்டு என்பன. பவளத்துண்டு, சிப்பித்தூள், பகாமா கடற்பகுதியில் இயற்கையாக வீழ்படியும் உருண்டை மணல் ஆகியவை பெரும்பாலும் அரகோனைட்டு. நிலத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சைட்டு.
* சிலிக்கா மணல்: ஆற்று மணலின் பெரும்பகுதியாகிய குவார்ட்சு இவ்வகையினது. இது நீரில் மிக மெதுவாகவே கரையும், நீரின் பி.எச் மதிப்பையும் மாற்றாது.

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் அரகோனைட்டு 3.5 முதல் 4 வரையிலும், கண்ணாடி ஏறத்தாழ 5.5 ஆகவும், குவார்ட்சு 7 ஆகவும் அமைகின்றன. ஆகவே கண்ணாடியைத் துடைக்கும் காந்தத் துடைப்பானில் ஆற்று மணல் சிக்கினால் கண்ணாடியில் கீறல் விழும். சுண்ணாம்பு மணலால் அவ்வாறு நேர்வது அரிது.

சுண்ணாம்பு மணல் எப்போதும் கரைந்து பி.எச் மதிப்பை உயர்த்திக்கொண்டே இருக்கும் என்ற கருத்து முழுவதும் சரியன்று. கடல்நீரின் வழக்கமான பி.எச் மதிப்பாகிய 8.2 அளவில், அந்நீர் கால்சியம் கார்பனேட்டால் தெவிட்டிய நிலையைக் கடந்திருக்கும். எனவே மணல் கரையாது. படுகையின் ஆழத்தில் நுண்ணுயிரிகள் வெளிவிடும் காபனீரொக்சைட்டால் பி.எச் மதிப்பு தாழும் இடங்களில் மட்டும் சிறிதளவு கரைகிறது.

மணற்படுகையின் பணிகள்

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஆக்சிசன் உள்ள மேற்படலத்தில் வாழும் நுண்ணுயிரிகள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீன்களுக்கு நச்சு. நைட்ரேட்டு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது.

ஆக்சிசன் அற்ற ஆழமான படலத்தில் வேறு நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக மாற்றுகின்றன. இதற்காக 10 முதல் 15 செ.மீ. வரை ஆழமான படுகை அமைக்கப்படுவதுண்டு. தோற்றத்திற்காக மட்டும் இடப்படும் படுகை 2 முதல் 5 செ.மீ. ஆழம் கொண்டது. இவற்றைத் தவிர, மணலில் புதைந்து வாழும் கோபி மீன்கள், நத்தைகள், புழுக்கள் ஆகியவற்றுக்கும் படுகை உறைவிடமாகிறது.

மணல் பழையதாகும் விதம்

கசடு சேர்தல்: உணவுத் துகள், மீன் கழிவு, இறந்த பாசி ஆகியவை மணல் துகள்களின் இடைவெளிகளில் தேங்குகின்றன. துகள்களுக்கு இடையேயான வெற்றிடம் மணலின் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆகும். இது அடைபடும்போது நீரோட்டம் தடைபட்டு, ஆக்சிசன் அற்ற பகுதி மேல்நோக்கி விரிவடைகிறது.

சல்பைடு உண்டாதல்: கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு உள்ளது. ஆக்சிசனும் நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் சில நுண்ணுயிரிகள் இந்தச் சல்பேட்டைப் பயன்படுத்தி ஐதரசன் சல்பைடை வெளிவிடுகின்றன. நன்னீரில் சல்பேட்டு மிகக் குறைவு என்பதால், அழுகிய முட்டை நாற்றம் நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் மிகுதி. மணலில் உள்ள இரும்புடன் இது சேர்ந்து கருநிற இரும்பு சல்பைடாகப் படிகிறது. கண்ணாடி ஓரமாகத் தெரியும் கரும்பட்டைகள் இதனால் உண்டானவை. காற்றுப் பட்டால் கருமை நீங்கிப் பழுப்பாக மாறும்.

பாசுபேட்டு படிதல்: சுண்ணாம்பு மணலின் மேற்பரப்பு நீரிலுள்ள பாசுபேட்டை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். நீரில் பாசுபேட்டு மிகும்போது மணல் அதனை ஏற்கிறது; நீரில் குறையும்போது மீண்டும் வெளிவிடுகிறது. பழைய சுண்ணாம்பு மணலைப் புதிய தூய நீரில் இட்டவுடன் பாசி பெருகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மணல் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிவதால் இது நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது.

மாழைகளும் நோயுயிரிகளும்: வெண்புள்ளி நோய் போன்றவற்றுக்குச் செம்பு கலந்த மருந்து இடப்பட்ட தொட்டியில், சுண்ணாம்பு மணல் செம்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் தாங்கும் அளவு செம்பு இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியை மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக் கழிக்கிறது. மீன்களே இல்லாத தொட்டியிலும் இக்கூடுகள் பல வாரங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும்.

மறுபயன்பாட்டைத் தீர்மானித்தல்

மணலைத் தொடும் முன்னர் அதன் வரலாற்றை அறிதல் வேண்டும். பொதுவாகப் பின்பற்றப்படும் பாகுபாடு பின்வருமாறு:

* நலமான தொட்டி, ஆழம் குறைந்த படுகை, நாற்றம் இல்லை: மேற்படலத்தை உயிர்ப்புடன் இடம் மாற்றலாம்.
* நலமான தொட்டி, ஆழமான அல்லது கருத்த படுகை: மேல் 2 முதல் 3 செ.மீ. மணலை மட்டும் உயிர்ப்புடன் எடுத்து, எஞ்சியதை முழுவதும் கழுவ வேண்டும்.
* பாசி மிகுந்த, நைட்ரேட்டும் பாசுபேட்டும் உயர்ந்த தொட்டி: முழுக்கழுவல், பாசுபேட்டுச் சோதனை ஆகியன தேவை.
* நோயால் மீன்கள் இறந்த தொட்டி: முழுக்கழுவலும் முழு உலர்த்தலும் தேவை.
* செம்பு மருந்து இடப்பட்ட தொட்டி, அல்லது வரலாறு தெரியாத மணல்: முதுகெலும்பற்ற உயிரினங்கள் வாழும் தொட்டியில் பயன்படுத்தக் கூடாது.
* துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிய மணல்: மறுபயன்பாட்டுக்கு ஏற்றதன்று.

மணலின் அளவை முன்னரே கணக்கிடுவது பணியைத் திட்டமிட உதவும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. ஆழத்துக்கு மணல் இருந்தால், அதன் கன அளவு ஏறத்தாழ 20 லிட்டர். உலர்ந்த நிலையில் எடை ஏறத்தாழ 30 கிலோகிராம்.

தூய்மையாக்கும் முறைகள்

தொட்டிக்குள் தூய்மையாக்கல்

மீன்கள் உள்ள தொட்டியில், அகன்ற வாயுடைய உறிஞ்சுகுழாயை மணலில் செருகி, கசடை நீருடன் வெளியேற்றுவது வழக்கம். கனமான மணல் குழாயினுள் சற்று மேலெழுந்து மீண்டும் விழும். இலேசான கசடு நீருடன் வெளியேறும். ஒரே நாளில் முழுப் படுகையையும் கிளறக் கூடாது. ஒவ்வொரு நீர்மாற்றத்தின்போதும் படுகையின் நான்கில் ஒரு பகுதியை மட்டும் தூய்மை செய்தால் நுண்ணுயிரிகளின் பெரும்பகுதி காக்கப்படும். பல ஆண்டுகள் கிளறப்படாத ஆழமான படுகையை மீன்கள் இருக்கும்போது கிளறுவது பேரிடர் விளைவிக்கும். வெளிப்படும் ஐதரசன் சல்பைடு மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லவல்லது. அது நீரிலுள்ள ஆக்சிசனையும் குறைத்துவிடும்.

உயிர்ப்பு மணலை இடம் மாற்றல்

நலமான தொட்டியிலிருந்து மணலை நுண்ணுயிரிகளுடன் எடுத்துப் புதிய தொட்டியில் இடும் முறை இது. செய்முறை வருமாறு:

1. மீன்கள், பவளங்கள், பாறைகள் ஆகியவற்றை முதலில் வேறு கலத்துக்கு மாற்ற வேண்டும். தெளிந்த நீரின் ஒரு பகுதியைத் தனியே சேமிக்க வேண்டும்.
2. படுகையைக் கிளறாமல், மேற்படலத்தை மட்டும் அகப்பை போன்ற தட்டையான கரண்டியால் எடுக்க வேண்டும்.
3. எடுத்த மணலைக் கடல்நீரிலேயே இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அந்நீரின் உப்புத்தன்மை தொட்டி நீரினதை ஒத்திருத்தல் வேண்டும். அதாவது ஒரு கிலோகிராம் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம், ஒப்படர்த்தி 1.025 அளவு.
4. மணலை அன்றே புதிய தொட்டியில் இட வேண்டும். நெகிழிப் பையில் ஈரத்துடன் கட்டி வைத்தால் ஆக்சிசன் தீர்ந்து மணல் அழுகத் தொடங்கும்.

குழாய்நீரில் அலசினால், உப்புத்தன்மையின் திடீர் மாற்றத்தால் மணலில் வாழும் சிற்றுயிர்கள் இறக்கும். நீரிலுள்ள குளோரின் நுண்ணுயிரிகளையும் கொல்லும். அவ்வாறு இறந்தவை அழுகி மீண்டும் அம்மோனியாவைத் தரும். எனவே மணலை உயிர்ப்புடன் காப்பதாயின் கடல்நீரில் அலச வேண்டும். இல்லையேல் முழுவதும் கழுவி உலர்த்த வேண்டும். அரைகுறையாகக் கழுவிய மணலே மிகுந்த இடர் தருவதாகும்.

முழுக்கழுவல்

20 லிட்டர் வாளியில் கால் பங்கு மணலை இட்டு, குழாயின் முனையை வாளியின் அடிவரை செலுத்தி நீரைப் பாய்ச்சிக் கைகளால் கிளற வேண்டும். கலங்கிய நீரை உடனே சாய்த்து ஊற்ற வேண்டும். நீர் தெளியும்வரை இதனைத் திரும்பச் செய்ய வேண்டும். மிக நுண்ணிய சுண்ணாம்பு மணல் எத்தனை முறை கழுவினாலும் பால்போன்ற வெண்கலங்கலைச் சிறிதளவு தரும். அது மணலின் சொந்தத் தூளே, அழுக்கு அன்று.

ஒவ்வொரு கழுவலின் பயனையும் எளிய கணக்கால் அறியலாம். 5 லிட்டர் மணலின் இடைவெளிகளில் ஏறத்தாழ 2 லிட்டர் நீர் தங்கும். அதனுடன் 8 லிட்டர் புதுநீர் சேர்த்துக் கலக்கி 8 லிட்டரை வெளியேற்றினால், கரைந்த பொருள்களின் செறிவு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். நான்கு முறை கழுவினால் 625 இல் ஒரு பங்கு எஞ்சும். ஆறு முறை கழுவினால் 15,625 இல் ஒரு பங்கு எஞ்சும். ஒரே முறை பெருமளவு நீரில் கழுவுவதைவிடப் பலமுறை சிறிதளவு நீரில் கழுவுவது சிக்கனமானது என்பது இதனால் விளங்கும். ஆனால் இக்கணக்கு நீரில் கரைந்துள்ள பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். துகளின் மேற்பரப்பில் ஒட்டிய பாசுபேட்டும் செம்பும் இவ்வாறு நீங்குவதில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டு போன்ற உப்புகள் மிகுந்திருக்கக்கூடும். ஆகவே தொடக்கக் கழுவல்களுக்கு அந்நீரைப் பயன்படுத்தினாலும், கடைசி இரு கழுவல்களை ஆர்.ஓ. நீரில் செய்வது நன்று.

வேதிமுறைகள்

வெளுப்புக் கரைசல்: சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல் கரிமக் கசடைச் சிதைத்து நோயுயிரிகளைக் கொல்லும். கசடை முதலில் நீரால் கழுவி நீக்கிய பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் குளோரின் கசடிலேயே செலவாகிவிடும். 5 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு பங்குக்கு 19 பங்கு நீர் சேர்த்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 2,500 மில்லிகிராம் ஐப்போகுளோரைட்டு இருக்கும். இதில் மணலை ஒரு நாள் ஊறவைத்து, மேற்கண்டவாறு ஆறு முறை கழுவினால் ஏறத்தாழ 0.16 மில்லிகிராம் எஞ்சும். இதுவும் மீனுக்குத் தீங்கானது. எனவே சோடியம் தயோசல்பேட்டு கலந்த நீரில் அலசிப் பின்னர் உலர்த்துவது இன்றியமையாதது. பிளீச்சிங் பவுடர் கரையாத சுண்ணாம்பு வண்டலை மணலில் விட்டுச் செல்வதால் நீர்மக் கரைசலே ஏற்றது.

ஐதரசன் பெராக்சைடு: 3 விழுக்காட்டுக் கரைசல் கரிமப் பொருளை ஆக்சிசனேற்றி, இறுதியில் நீராகவும் ஆக்சிசனாகவும் பிரிகிறது. எச்சம் இல்லை என்பது இதன் நன்மை. பெருமளவு மணலுக்குச் செலவு மிகும் என்பது குறை.

அமிலம்: நீர்த்த வினிகர் சுண்ணாம்புத் துகளின் மேற்படலத்தைக் கரைத்து, அதில் ஒட்டிய பாசுபேட்டையும் உடன் நீக்கும். மணலும் சிறிது குறையும். நுரைத்தெழுதல் நின்றவுடன் அமிலம் தீர்ந்துவிட்டது எனக் கொண்டு கழுவ வேண்டும். கருத்த, நாற்றமுள்ள மணலில் அமிலம் இடவே கூடாது. இரும்பு சல்பைடு அமிலத்துடன் வினைபுரிந்து ஐதரசன் சல்பைடு வளிமத்தை ஒரே வேளையில் வெளிவிடும்.

உலர்த்தல்

கழுவிய மணலைத் தார்ப்பாயின்மீது 1 முதல் 2 செ.மீ. தடிப்பில் பரப்பி, நாள்தோறும் கிளறி, முழுவதும் ஈரம் போகும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். தமிழகத்தின் கோடை வெயிலில் இதற்குச் சில நாள்களே போதும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மணலின் மேற்பரப்புக்குக் கீழே செல்வதில்லை. ஆகவே உயிரிகளைக் கொல்வது பெரும்பாலும் ஈரமின்மையே. கிளறாமல் தடிப்பாகக் குவித்து வைத்த மணல் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். மணலைப் பூனைகள் தோண்டாதவாறு வலையால் மூடுவது நன்று. முற்றும் உலர்ந்த மணலைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்கலாம்.

சோதனையும் மீண்டும் இடுதலும்

ஒரு கோப்பை மணலை ஒரு லிட்டர் புதிய கடல்நீரில் இட்டு, இரண்டு நாள் அவ்வப்போது கலக்கிவிட்டு, அந்நீரை அம்மோனியா, பாசுபேட்டுச் சோதனைப் பொதிகளால் சோதிக்க வேண்டும். மணல் இடாத அதே நீரையும் உடன் சோதித்து ஒப்பிட வேண்டும். பவளத்தொட்டிகளில் பாசுபேட்டு பொதுவாக லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கப்படுகிறது. சோதனையில் இதற்கு மேல் வந்தால் நீரை மாற்றி மீண்டும் ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவு குறைந்து வருகிறதா எனக் காண வேண்டும். குறையவில்லை எனில் அம்மணலை மீன்கள் மட்டும் வாழும் தொட்டிக்கு ஒதுக்கலாம்.

கழுவி உலர்த்திய மணலில் உயிர்ப்பான நுண்ணுயிரிகள் இல்லை. அதனை இட்டு அமைக்கும் தொட்டி புதிய தொட்டிக்கு ஒப்பானதே. அம்மோனியா உயர்ந்து தாழ்வதும், பின்னர் நைட்ரைட்டு உயர்ந்து தாழ்வதும் முடிய வழக்கமாக 3 முதல் 6 வாரங்கள் ஆகும். நலமான தொட்டியிலிருந்து சிறிதளவு உயிர்ப்பு மணலையோ பாறையையோ சேர்த்தால் இக்காலம் குறையும். உயிர்ப்பு மணலை இட்ட தொட்டியிலும் முதல் இரண்டு வாரம் நாள்தோறும் அம்மோனியாவைச் சோதிப்பது நன்று. இரு அளவுகளும் சுழியத்துக்கு வரும்முன் மீன்களை இடுதல் கூடாது.

பாதுகாப்பு

இப்பணியில் மீன்களைப் போலவே மனிதருக்கும் இடர்கள் உண்டு.

* வெளுப்புக் கரைசலையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வளிமம் வெளிப்படும். முன்னது முழுவதும் கழுவப்படாத வாளியில் பின்னதை ஊற்றினாலும் இது நேரும்.
* அம்மோனியா மிகுந்த கசட்டில் வெளுப்புக் கரைசலை ஊற்றினால் குளோரமீன் எனும் நச்சு உண்டாகும்.
* கருத்த மணலை மூடிய அறையில் கையாளக் கூடாது. ஐதரசன் சல்பைடு செறிவு மிகும்போது மூக்கின் நுகர்திறனை மழுங்கச் செய்யும். எனவே நாற்றம் நின்றது பாதுகாப்புக்கு அடையாளம் அன்று.
* சோவாந்தசு எனப்படும் பொத்தான் பவளங்கள் வாழ்ந்த தொட்டியின் மணலையும் பாறையையும் கொதிக்கவைக்கக் கூடாது. அவற்றுள் சில, பாலிடாக்சின் எனும் கொடிய நச்சைக் கொண்டவை. இந்நச்சு வெப்பத்தால் எளிதில் அழியாது. ஆவியுடன் மூச்சில் கலந்து வீட்டில் இருந்தோர் நோயுற்ற நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.
* கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளோர் பழைய தொட்டி நீரில் கை வைத்தலைத் தவிர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழல்

புதிய மணலை வாங்குவதைவிட அல்லது அள்ளுவதைவிடப் பழையதைப் பேணுவதற்குத் தமிழ்நாட்டில் தனிக் காரணங்கள் உள்ளன.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைக் கொண்டு 1986 இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டதால், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகளும் நீரில் மூழ்கின. 2001 இல் கல்பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே கரையொதுங்கிய பவளத்துண்டுகளைத் தொட்டிக்காகப் பொறுக்குவதும், மணலைத் தூய்மை செய்யும் என்பதற்காகக் கடல் அட்டையைப் பிடிப்பதும் குற்றமாகும்.

தென்மாவட்டக் கடற்கரை மணலில் கார்னெட்டு, இல்மனைட்டு, மோனசைட்டு முதலிய கனிமங்கள் கலந்துள்ளன. கார்னெட்டு கண்ணாடியைக் கீறும்; இல்மனைட்டு காந்தத்தால் சிறிது ஈர்க்கப்பட்டுத் துடைப்பானில் ஒட்டிக்கொள்ளும்; மோனசைட்டு தோரியம் கொண்ட கதிரியக்கக் கனிமம். இவற்றைத் தனியார் எடுப்பதற்கு மாநில அரசு 2013 இல் தடை விதித்தது. சட்டத்தைத் தவிர, மீன்தொட்டிக்கு ஏற்ற தன்மை என்ற நோக்கிலும் இம்மணல் சிறந்ததன்று.

வெள்ளாற்றுப் படுகை

கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களின் நிலைக்குப் பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளாற்றின் கரையில் அமைந்த பேரூராட்சி இது. இத்தகைய ஊரில் கடல்நீர்த் தொட்டி வைப்போர் செயற்கைக் கடலுப்பையும் ஆர்.ஓ. நீரையும் கொண்டே கடல்நீரை ஆக்கிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு மணலும் வெளியூரிலிருந்தே வர வேண்டும். வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்கள் அதற்கான சந்தைகள் ஆகும். உயிர்ப்பு மணலை ஈரத்துடன் நெடுந்தொலைவு கொண்டுவருவது கடினம். ஆகவே இங்கு ஏற்கனவே உயிர்ப்புடன் உள்ள ஒரு வாளி மணல் எளிதில் ஈடுசெய்ய இயலாத பொருளாகிறது.

வெள்ளாற்று மணல் சிலிக்கா வகையினது. மீன்கள் மட்டும் வாழும் தொட்டிக்கு இத்தகைய மணல் பொருந்தும் எனினும், ஆற்று மணலை இசைவின்றி அள்ளுவது சட்டப்படி தடுக்கப்பட்டது. இதே வெள்ளாறு கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. கோமாளி மீன் போன்ற கடல் வண்ணமீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் ஆய்வுகள் இங்கு நடந்துள்ளன. பவளப்பாறைகளிலிருந்து மீன் பிடிப்பதைக் குறைப்பதே இத்தகைய ஆய்வுகளின் நன்மை.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் கிரீத்தேசியக் காலத்தில் கடலால் மூடப்பட்டிருந்தன. காரை முதலிய இடங்களில் கிடைக்கும் அம்மோனைட்டுப் புதைபடிவங்களும், சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் எச்சங்கள். இச்சுண்ணாம்புக்கல் பழங்கடலின் படிவு என்பதால் அதன் சல்லி பவளமணலுக்கு ஈடாகும் எனக் கருதலாகாது. அது பெரும்பாலும் கால்சைட்டு. அரகோனைட்டைவிடக் கரைதன்மை குறைந்தது. களிமண்ணும் இரும்பும் கலந்திருக்கக்கூடும் என்பதால், பயன்படுத்தும் முன் மேற்கண்ட கழுவலும் சோதனையும் தேவை. புதைபடிவங்களைச் சேகரித்துத் தொட்டியில் இடுவது அறிவியலுக்கு இழப்பாகும்.

பயனற்ற மணலை அகற்றல்

மறுபயன்பாட்டுக்கு ஏலாத மணலை ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ கொட்டக் கூடாது. அதில் அயல்நாட்டுப் பாசிகளும் ஒட்டுண்ணிகளும் உயிருடன் இருக்கலாம். காட்சிச்சாலைகளில் வளர்க்கப்பட்ட கோலெர்ப்பா எனும் பாசி 1984 இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் கண்டறியப்பட்டு, பின்னர் நடுநிலக் கடலின் பல பகுதிகளில் பரவியது குறிப்பிடத்தக்கது. உப்பு மிகுந்த கழுவுநீரைத் தோட்டத்தில் ஊற்றினால் செடிகள் வாடும், மண்ணும் கெடும்.

உப்பு நீங்கக் கழுவி உலர்த்திய மணலைக் கட்டுமான நிரப்புப் பொருளாகப் பயன்படுத்தலாம். இரும்புக் கம்பியிட்ட கற்காரையில் மட்டும் சேர்க்கக் கூடாது. எஞ்சிய குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். செம்பு ஏறிய மணலைத் தோட்டத்திலும் நீர்நிலை அருகிலும் இடாமல், மூடிய பையில் திடக்கழிவாகவே அகற்ற வேண்டும்.